நான் பதமாக்கிய ஒன்பது பக்கங்கள்

இந்த வாரம் எழுதப்போகும் விஷயத்தைத் தொட எனக்குத் தகுதி இல்லை. பத்தாம் வகுப்பும், தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயரும்தான் என் படிப்பு. இஸ்லாமிய அறிஞர்கள் பிற மதத்தாரோடு எப்படிப் பழக வேண்டும் என்று யோசித்து எழுதியதைப் பற்றி, அந்த மதத்தில் பிறக்காத, அரபியில் ஓர் எழுத்துகூடத் தெரியாத நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதைப் பற்றி ஒருவர் எழுதிய ஒன்பது பக்கங்களை டைப் அடித்தது என் கை, அதில் தவறு செய்ததும் அதே கை. அந்த அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

ஏழாவது வரி

அது ஒரு வியாழக்கிழமை காலை. கொரோனா ஓய்ந்து, கல்யாணப் பத்திரிகைகள் மறுபடி வரத் தொடங்கியிருந்த சமயம். மாசி மாதம் என்று நினைவு. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வேகவைக்கும் வாசனை எங்கள் அச்சகத்துக்குள் வந்து காகிதக் கட்டுகளில்கூட ஏறியிருந்தது.

ஹஜ்ரத் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்திக்கொண்டு வந்தவர் முதல் பக்கம் ஏழாவது வரியில் நிறுத்தினார். விரல் அங்கேயே இருந்தது. பிறகு தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அக்கா, இதை யாரு மாத்துனது?"

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. மனிதர்களுக்கு முன்னால் பேச வேண்டுமென்றால் எனக்கு எப்போதும் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அடிக்கச் சொன்னால் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் அடிப்பேன்.

அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் விரல் நின்றது. அதற்கடுத்த பக்கத்திலும்.

பெரிய எழுத்து

ஹஜ்ரத் என்பது பள்ளிவாசலில் தொழுகை நடத்துபவரைக் கூப்பிடும் முறை. இவர் பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலில் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது சிறியவர். சொந்த ஊர் தம்மம்பட்டி. எங்களைப் போல 'ங்க' போட்டு இழுக்காமல் பேசுவார். மெலிந்த ஆள். சைக்கிளில்தான் வருவார், தலைப்பாகையைக் காற்று கொண்டுபோகாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

அவருக்கு வந்த சங்கடம் இதுதான். பள்ளிவாசலுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த ஆறுமுகம் என்பவர் இறந்துபோனார். ஹஜ்ரத்தின் மகளுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கிவிட்டவர். சவ ஊர்வலம் மேளமும் பட்டாசுமாகப் போனது. அதில் ஹஜ்ரத் தலைப்பாகையோடு பாடைக்குத் தோள்கொடுத்து தெருமுனைவரை நடந்திருக்கிறார். யாரோ அதைப் போனில் படம் எடுத்துவிட்டார்கள்.

படம் ஜமாத் கமிட்டிக்குப் போனது. கமிட்டியில் மரக்கடை ஹாஜியார் என்று ஒரு பெரியவர். கடுமையானவர், ஆனால் கெட்டவர் இல்லை. தொழுகை நடத்துகிறவர் பாடை தூக்கியது சரியா என்று அவர்தான் கேட்டார். எழுத்தில் விளக்கம் கொடுங்கள், வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து முடிவு செய்வோம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. விளக்கம் ஒப்பவில்லை என்றால் ஹஜ்ரத் வேறு ஊர் பார்க்க வேண்டும். பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறை வீட்டையும் காலி செய்ய வேண்டும். மகள் ஆறாம் வகுப்பு. முழுப்பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

அவர் முதல் ஒன்பது பக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்த திங்கட்கிழமை நான் சாப்பிடப் போயிருந்தேன். அப்போது நடந்த பேச்சை முதலாளி குப்புசாமி அண்ணன் எனக்குப் பிறகுதான் சொன்னார்.

"எழுத்து பெருசா இருக்கணும்ண்ணா," என்று ஹஜ்ரத் கேட்டிருக்கிறார்.

"எந்த அளவுக்குப் பெருசுங்க?"

"ஹாஜியாருக்கு ஒரு கண்ணுல ஆபரேஷன் ஆயிருக்கு. கண்ணாடி இல்லாம படிக்கற மாதிரி."

"ஏனுங்க, அவருதான உங்கள ஊர உட்டு அனுப்போணும்னு நிக்கறாரு?"

"அதனாலதாண்ணா. அவரு படிக்கணுமே."

இதையெல்லாம் திங்கட்கிழமையே அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தால் நான் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டேன். அவர் கட்டின் மேல் 'பதினெட்டு பாயிண்ட், அவசரம்' என்று மட்டும் எழுதி என் மேஜையில் வைத்துவிட்டு பேப்பர் வாங்க சேலம் போய்விட்டார்.

அம்மிணி அடித்தால்

இங்கே என் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

கையெழுத்துப் பிரதியில் இருப்பதை அப்படியே அடிப்பதுதான் என் வேலை. ஆனால் கடுமையான வார்த்தை வந்தால் என் விரல் தயங்கும். ஒருமுறை தோட்டக்காரர் ஒருவர் போர்டு எழுதக் கொடுத்தார்: 'இந்த வழியாக எவனும் நடக்கக் கூடாது'. நான் 'தயவுசெய்து இந்த வழியாக நடக்க வேண்டாம்' என்று அடித்துக்கொடுத்தேன். அவர் ஒரு மாதம் கழித்து வந்து, இப்போது முன்பைவிட அதிகம் பேர் நடக்கிறார்கள் என்றார்.

குப்புசாமி அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். "அம்மிணி அடிச்சா மேயற மாட்டுக்குக்கூட வெத்தல பாக்கு வெச்சுக் கூப்படற மாதிரிதானுங்க இருக்கும்."

இன்னொரு முறை பங்காளிகளுக்குள் சண்டை. அண்ணன் பேரைப் பத்திரிகையில் போடக் கூடாது என்று தம்பி சொல்லிவிட்டுப் போனார். நான் போட்டுவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்தேன். கல்யாணத்துக்கு அந்த அண்ணன் வந்தார் என்று கேள்விப்பட்டபோது எனக்குள் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. பேசிச் சாதிக்க முடியாதவளுக்கு அடித்துச் சாதிக்கும் ஒரு வழி கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். யாருடைய வார்த்தையை யார் மாற்றுகிறோம் என்று நான் யோசித்ததே இல்லை.

தவிர்த்தால் நலம்

ஹஜ்ரத்தின் கையெழுத்து அழகு. ஒரு மெய்யெழுத்தில்கூடப் புள்ளி விட்டுப்போகாது. அரபியில் ஒரு புள்ளி தவறினால் வார்த்தையே வேறாகிவிடும், அந்தப் பயம் தமிழுக்கும் வந்துவிட்டது என்று பின்னால் ஒரு நாள் சொன்னார்.

அந்த அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது இதுதான்.

தொழுகையில் முன்னால் நிற்பவன் மேளத்துக்குப் பின்னால் நடந்தால், அவன் பின்னால் தொழுதவர்கள் எல்லாரும் அங்கே நடந்ததாக அர்த்தம். அவர்களுடைய சடங்கில் பங்கெடுப்பது குற்றம். பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்வது அந்தப் பண்டிகையின் நம்பிக்கையை ஒப்புக்கொள்வதாகும், சொல்லக் கூடாது. முதலில் நாமே போய் முகமன் கூறக் கூடாது. மனதின் நெருக்கத்தை நம்மவருக்கே வைக்க வேண்டும். அவர்கள் வழி வேறு, நம் வழி வேறு.

ஒன்பது பக்கமும் இப்படி. வசைச் சொல் ஒன்றுகூட இல்லை. அதுதான் இன்னும் வலித்தது. கோபத்தில் எழுதியிருந்தால் கோபம் என்று விட்டுவிடலாம். இது நிதானமாக, ஒன்றன்மேல் ஒன்றாகக் கல் அடுக்கிய மாதிரி இருந்தது.

என்னை 'அக்கா' என்று கூப்பிடுகிற மனிதர். போன நோன்புக்கு எங்கள் எல்லாருக்கும் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர். அவர் மனதில் இதுதானா இருந்தது என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். போன் நம்பர் கட்டின் மேலேயே இருந்தது. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்னொரு பயமும் வந்தது. இது யார் கையிலாவது கிடைத்து போனில் சுற்ற ஆரம்பித்தால் இந்த மனிதர் என்ன ஆவார். சைக்கிளில் தனியாக வருகிறவர்.

அதனால் பதமாக்கினேன். 'கூடாது' என்று இருந்த இடத்தில் 'தவிர்த்தால் நலம்' என்று அடித்தேன். 'குற்றம்' என்பது 'சிறு குறை' ஆனது. 'அவர்கள் வழி வேறு, நம் வழி வேறு' என்பதை 'வழிகள் பலவிதம்' என்று ஆக்கினேன். அடித்து முடித்துப் படித்துப் பார்த்தேன். கோயில் திருவிழா நோட்டீஸ் மாதிரி இதமாக இருந்தது. அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

புதன்கிழமைக் கட்டு

புதன்கிழமை இரண்டாவது கட்டு வந்தது. அதன் முதல் வரியே இதுதான்: 'இதுவரை எழுதியது என்னை மறுப்பவர்களின் வாதம். இனி என் பதில்.'

அண்ணனிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அப்போதுதான் பாடை தூக்கிய கதையும், கமிட்டி கேட்ட விளக்கமும், பெரிய எழுத்துக்குக் காரணமும் அவர் சொன்னார். "உங்களுக்குச் சொல்லலீங்களா நானு?" என்று தலையைச் சொறிந்தார்.

மதரஸாவில் படித்தவர்களின் எழுத்து முறை அது என்று எனக்கு அப்போது தெரியாது. எதிராளியின் வாதத்தை அவன் வாயால் சொல்வதுபோல முழுதாக எழுதி முடித்துவிட்டு, அதற்குப் பிறகே தன் பேச்சைத் தொடங்குவார்களாம்.

அன்றைக்கு முழுதும் அந்தப் பதில்களை அடித்தேன். பல இடங்களில் அடிப்பதை நிறுத்திவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

எங்கெங்கோ இருந்த ஆட்களை அவர் தம் பக்கத்துக்குக் கூட்டி வந்திருந்தார். ஒருவர் அரபு நாட்டில் பாடம் நடத்தியவர். போர்க்காலத்தில் சொல்லப்பட்ட கட்டளைகளை அந்தப் போரோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும், மனிதர்களுக்கு இடையில் இயல்பான நிலை சமாதானம்தான் என்பது அவர் கட்சி. இன்னொருவர் நம் வட இந்தியக்காரர், பிரிவினையைக் கண்ணால் பார்த்தவர். ஒரு நாட்டில் சேர்ந்து குடியிருப்பது ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கு, வாக்கை மீறுவது அவர்கள் மார்க்கத்தில் பெரிய பாவம், அந்த வாக்கை வேறு மதத்தாருக்குக் கொடுத்திருந்தாலும் பாவம் பாவமே என்று அவர் சொல்கிறார். பண்டிகை வாழ்த்து பற்றி ஒருவர்: பக்கத்து வீட்டாரின் சந்தோஷத்துக்குச் சந்தோஷப்படுவது வேறு, அவர்கள் கும்பிடுவதைக் கும்பிடுவது வேறு.

வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்மணியும் அதில் இருந்தார். இறைவன் நினைத்திருந்தால் எல்லாரையும் ஒரே கூட்டமாகப் படைத்திருப்பான், அப்படிப் படைக்கவில்லை. ஆகவே மனிதர்கள் பலவாக இருப்பதைப் பார்த்து எரிச்சல்படுகிறவன் இறைவன் செய்த காரியத்தோடு சண்டை போடுகிறான் என்பது அந்த அம்மாவின் வாதம். அதை அடிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

எனக்கு ஆச்சரியம் வேறொன்று. நான் காலையில் டிபன் தூக்கோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருகிறேன். எதிரே வரும் பாய் எனக்கு முதலில் வணக்கம் சொல்லலாமா என்று உலகத்தின் வேறொரு மூலையில் ஒருவர் நூறு புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு கண் கெட யோசித்திருக்கிறார். அவருக்கு இன்னொருவர் மறுப்பு எழுதியிருக்கிறார். மறுப்புக்கு மறுப்பும் வந்திருக்கிறது. அத்தனை பெரிய யோசனைக்கு நடுவில்தான் நான் இத்தனை வருஷம் நடந்துபோயிருக்கிறேன், அது தெரியாமல், செருப்பு வார் அறுந்துவிட்டதே என்ற கவலையில்.

பதில்களில் கடுமை இல்லை. அதனால் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. ஆனால் முதல் ஒன்பது பக்கம் நான் பதமாக்கியபடியே இருந்தது. நல்லதுதானே, எதிர்ப்பு கொஞ்சம் குறைந்தால் இவருக்கு லாபம்தானே என்று விட்டுவிட்டேன்.

அமானிதம்

வியாழக்கிழமைக்கு வருகிறேன். ஒன்பது பக்கத்தையும் விரல் ஓட்டி முடித்துவிட்டு ஹஜ்ரத் நிமிர்ந்தார்.

"நானேதானுங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "திங்கக்கெழம உங்களுதுன்னு நெனச்சுட்டனுங்க. கடுமையா இருந்துச்சு. உங்களுக்கு எதாச்சும் ஆயிருமோன்னு."

"என்னுதுன்னா நெனச்சீங்க?" என்றார். அவர் முகத்தில் ஒரு மாதிரி வலி வந்தது. "அப்ப திங்கக்கிழமைல இருந்து என்னை என்னன்னு நெனச்சுட்டு இருந்தீங்கக்கா?"



குப்புசாமி அண்ணன் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "உடுங்க ஹஜ்ரத். அம்மிணி அடிச்சா இடிகூட மெல்லத்தான் உழுகும். உங்களுக்கு அது நல்லதுதானுங்களே. எதிராளி பேச்சு சப்புனு இருந்தா உங்க பேச்சு எடுபடுமில்ல."

"இல்லண்ணா. பதில்ல நான் 'கூடாது என்கிறார்கள்'னு எழுதிருக்கேன். இங்க பார்த்தா 'தவிர்த்தால் நலம்'னு இருக்கு. ஹாஜியாரு நாளைக்கு இதைப் படிச்சா, நான் சொல்லாததைச் சொன்னதா எழுதிருக்கான், பொய் சொல்றான்னுவாரு. சொன்னா அது நியாயம்தான்."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அமானிதம்னு ஒண்ணு இருக்குக்கா. நம்மள நம்பி ஒருத்தர் குடுத்துட்டுப் போற பொருளு. ஹாஜியாரோட பேச்சு என் கையில அமானிதம். அவரு இங்க இல்ல. அவருக்காகப் பேச இங்க யாரும் இல்ல. அப்ப நான்தான அவருக்காகவும் பேசணும்?"

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. தன்னை ஊரைவிட்டு அனுப்ப நினைக்கும் மனிதரைப் பற்றி, தன் வீட்டுப் பெரியவரைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.

"திருத்திக் குடுத்தர்றனுங்க, இப்பவே," என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போய்விட்டது. மாதாந்திரப் பராமரிப்பு. இரண்டு மணிக்குத்தான் வரும் என்று பேப்பரில் போட்டிருந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

கரண்ட் இல்லாத நேரம்

கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் ஒத்துப் பார்க்கலாம். என் கையில் கையெழுத்துப் பிரதி, அவர் கையில் புரூஃப். நான் படிக்க வேண்டும், வேறுபடும் இடத்தில் அவர் சிவப்பு மையில் திருத்துவார். கதவோரம் வெளிச்சத்துக்கு ஸ்டூல்களை இழுத்துப் போட்டோம்.

"உங்க வாயால இதைப் படிக்க வைக்கறது எனக்குச் சங்கடமா இருக்குக்கா. நானே ரெண்டையும் பார்த்துக்கறேன்."

"இல்லீங்க. நானே படிக்கறனுங்க."

படித்தேன். 'சொல்லக் கூடாது.' 'குற்றம்.' 'அவர்கள் வழி வேறு, நம் வழி வேறு.' வாழ்க்கையில் இவ்வளவு சத்தமாக நான் எதையும் படித்ததில்லை. பள்ளிக்கூடத்தில்கூட என்னை எழுப்பினால் கிசுகிசுப்பேன். தெருவில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒவ்வொரு முறையும் ஹஜ்ரத் 'ம்' என்று சொல்லித் திருத்தினார்.

நாலாவது பக்கம் வந்ததும் அவரே நிறுத்தினார். "இது இன்னும் பத்தாது. ஹாஜியாரு இதைவிட நல்லா சொன்னாரு." பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்துவிட்டு, தனக்கு எதிராக இன்னும் ஒரு வரி எழுதினார்: 'அண்டை வீட்டாருக்கு உணவு கொடு, நோயில் போய்ப் பார் என்று வழி காட்டப்பட்டிருக்கிறது. மரியாதை செய்ய இத்தனை வழி இருக்கும்போது பாடைக்குத் தோள்கொடுக்கும் வழிதான் கிடைத்ததா?'

"ஏனுங்க, நீங்களே எடுத்துக் குடுக்கறீங்களே," என்றார் உள்ளேயிருந்து அண்ணன்.

"நல்ல கேள்வியில்லண்ணா?"

"கேள்வி நல்லாத்தானுங்க இருக்குது. ஊட்டக் காலி பண்ண வண்டி சொல்லீறட்டுங்களா?"

ஹஜ்ரத் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நாளில் அது ஒன்றுதான் லேசான நேரம்.

பதில் பகுதியில் ஓர் இடத்தில் அரபி வார்த்தை ஒன்று இருந்தது: பிர்ரு. பக்கத்தில் நன்மை, உபகாரம், கருணை என்று எழுதி எழுதிக் கோடு போட்டு அடித்திருந்தார். உங்களோடு சண்டைக்கு வராத பிற மதத்தாரிடம் எப்படி நடக்க வேண்டும் என்று அவர்கள் திருமறையில் சொல்லும் வார்த்தையாம் அது. பெற்ற தாய் தகப்பனிடம் நடந்துகொள்வதற்கும் அவர்களிடம் அதே வார்த்தைதானாம். நான் புரியாமல் இரண்டு முறை கேட்டேன். அதே வார்த்தைதான் என்றார்.

"அம்மாளுக்குச் செய்யறத நாங்க கருணைங்கமாட்டமுங்க," என்றேன். "பாத்துக்கறோம்னுதான் சொல்லுவம்."

"பார்த்துக்கறது," என்று அவர் சொல்லிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்க நம்மள அண்டி இருக்கற மாதிரி ஆயிடுதேக்கா. ஆறுமுகம் அண்ணன் என்னை அண்டி இல்லையே. நான்தான் அவரை அண்டி இருந்தேன்." கடைசியில் தமிழ் வார்த்தை எதுவும் போடாமல் பிர்ரு என்றே விட்டுவிட்டார்.

பதில் இல்லாத இடம்

நபிகள் உட்கார்ந்திருந்தபோது ஒரு யூதரின் சவ ஊர்வலம் அந்த வழியே போனதாம். அவர் எழுந்து நின்றாராம். அது யூதர் அல்லவா என்று கூட இருந்தவர்கள் கேட்க, அதுவும் ஓர் உயிர்தானே என்றாராம். இதை ஹஜ்ரத் தம் பதிலின் நடுவில் வைத்திருந்தார். நான் படித்துவிட்டு, இனி ஹாஜியார் என்ன சொல்ல முடியும் என்று நினைத்தேன்.

ஆனால் முதல் ஒன்பது பக்கத்தின் கடைசியில் அதற்கும் மறுப்பு இருந்தது. 'அவர் எழுந்து நின்றார். தோள்கொடுக்கவில்லை.' நான் திங்கட்கிழமை அந்த இரண்டாவது வாக்கியத்தை அடிக்காமலே விட்டிருந்தேன். அர்த்தம் புரியவில்லை, ஏதோ குத்தலாகத் தெரிந்தது.

"ஹாஜியாரு இதைச் சொல்லவே இல்லக்கா," என்றார் ஹஜ்ரத். "மறந்துட்டாரு. அவருக்கு இருக்கறதுலயே பெரிய ஆயுதம் இது. அவரு சார்புல நான்தான் எழுதுனேன்."

"இதுக்கு நீங்க என்னங்க பதில் எழுதியிருக்கீங்க?"

அவர் கடைசிப் பக்கத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். புதன்கிழமை அவசரத்தில் அதை நான் விரலால் மட்டும் அடித்திருந்தேன் போல. இப்போது வாய்விட்டுப் படித்தேன்.

'இந்த மறுப்புக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. நான் படித்த அறிஞர்கள் சிலர் ஆகாது என்கிறார்கள், சிலர் ஆகும் என்கிறார்கள். நடந்ததை மட்டும் சொல்கிறேன். நான் வாசலில் எழுந்துதான் நின்றேன். பள்ளிவாசல் முனையில், தூக்கி வந்த நால்வரில் ஒருவரான, இறந்தவரின் வயதான மைத்துனருக்கு மயக்கம் வந்து கால் மடங்கியது. பாடை சாய்ந்தது. ஆறுமுகத்தின் தலை ஒரு பக்கம் சரிவதைப் பார்த்தேன். அப்போது எனக்கு எந்த நூலும் நினைவுக்கு வரவில்லை. போய்ப் பிடித்தேன். பிடித்த பிறகு தெருமுனைவரை விட மனம் வரவில்லை. இது சட்டத்துக்கு ஒத்துவருமா என்பதைக் கமிட்டியார் சொல்லட்டும். தவறு என்றால் அந்தத் தவறு என்னுடையது. நான் மேற்கோள் காட்டிய அறிஞர்கள் யாருக்கும் அதில் பங்கில்லை.'

படித்து முடித்தேன். குப்புசாமி அண்ணன் காகிதக் கட்டைப் பிரிப்பதுபோலத் திரும்பி நின்றுகொண்டார்.

"இந்தக் கடைசிய உட்டுறலாமில்லீங்களா?" என்றேன். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. "பதில் இல்லீன்னு நீங்களே எழுதுனா, அவிய அதயே புடிச்சுக்குவாங்க."

"பிடிச்சுக்கட்டும்," என்றார். "மத்த இடத்துலயெல்லாம் அவங்க பக்கத்தை ஒழுங்கா எழுதிட்டு, என் பக்கத்துல மட்டும் நான் பதமாக்கலாமாக்கா?"

அந்த வார்த்தையை அவர் என்னைக் குத்திக்காட்டச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. குத்தலாக எனக்குப் படவில்லை.

இரண்டேகாலுக்குக் கரண்ட் வந்தது. சிவப்பு மை இருந்தது முப்பத்தேழு இடங்களில். ஒவ்வொன்றாகத் திருத்தினேன். 'கூடாது' என்று அடிக்கும்போது இந்த முறை விரல் தயங்கவில்லை. முப்பது பிரதி எடுத்து, நடுவில் பின் அடித்து, ஐந்தரை மணிக்கு அவர் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு கமிட்டி கூடியது. மரக்கடை ஹாஜியார் ஒன்பது பக்கத்தையும் கண்ணாடி இல்லாமல் படித்துவிட்டு, தான் சொன்னது இதுதான், தான் சொல்ல மறந்ததும் இதில் இருக்கிறது என்றாராம். பதில்களையும் கடைசிவரை படித்துவிட்டு, தமக்கு ஒப்பவில்லை என்றாராம். ஹஜ்ரத் இங்கேயே இருக்கட்டும் என்று முதலில் சொன்னவரும் அவர்தானாம். நாலு மணிக்கு ஹஜ்ரத் வந்து இதைச் சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு காதுகுத்துப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன்.